அரைப்பேர், முழுப்பேர், மூன்றா நாலா?

எங்களில் ஒருத்தியின் அம்மாயிக்குப் பாரிசவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. பசறைப் பக்கம் ஒரு தோட்டம். காலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "அம்மாயிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்று லயமே கூடி, வாகனம் தேடி, மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அந்தக் கதை வேறு. நாங்கள் இங்கே பேச வந்தது அவருடைய கிளினிக் கொப்பியைப் பற்றி.

அந்தக் கொப்பியில் ஒவ்வொரு தடவையும் பிரஷர் எண் இருக்கிறது, மருந்தின் பேர் இருக்கிறது, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: 'இம்ப்ரூவ்ட்'. தேறியிருக்கிறார். ஆறு தடவை கிளினிக், ஆறு தடவையும் அதே சொல். வீட்டில் கேட்டால் கதை வேறு மாதிரி. பீலிக்கு இறங்கிக் குளிக்க முடியாது. வலது கையால் சோற்றைப் பிசைய முடியாது. ராத்திரி வெளியே போக வேண்டுமென்றால் மகளை எழுப்ப வேண்டும். "என்னத்த தேறுச்சு, கெடக்குறேன்" என்கிறார் அம்மாயி.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வாய் கோணி, பேச்சு வராமல் டிரொலியில் வந்த கிழவி இன்று கம்பு ஊன்றி நடந்து வருகிறார். டொக்டர் பார்ப்பது அதை. அம்மாயி பார்ப்பது, விடியற்காலையில் எழுந்து வீட்டு வேலையை முடித்துவிட்டு மலைக்கு ஏறிய தன் பழைய உடம்பை. எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அந்த ஒற்றைச் சொல் இரண்டு பேருக்குமே சொல்வதில்லை. அப்படியானால் இதை எண்ணால் எழுத முடியாதா, யாராவது முயன்றிருக்கிறார்களா என்று தேடிப்போனோம். தேடியது கிளாஸ்கோ, பால்டிமோர், லூதியானா என்று போய்த் திரும்ப லயத்துக்கே வந்து நின்றது.

முதலில் லயத்திலிருந்தே தொடங்குவோம். உடம்பை அளந்து எண்ணாக்குவது தோட்டத்து ஆளுக்குப் புதுசு இல்லை. பிரட்டுக்களத்தில் நின்ற நாளிலிருந்து அளவுதான். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் செக்ரோலில் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் பேரே இல்லை. அந்த நிறை தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் முறை ஒன்றுதான்: உன் உடம்பு இன்றைக்கு எத்தனை கிலோ தரும் என்பதை வைத்தே உன் பேர் முழுசா, பாதியா என்று தீர்மானிக்கப்படும். மூன்றே படிகள் உள்ள ஓர் அளவுகோல் அது. ஒருத்தருக்கு உடம்பு வராமல் போனால் அரைப்பேருக்கு இறங்குவார், பிறகு பேரே இல்லாமல் போவார். காம்பரா வேலையோடு கட்டப்பட்டது என்பதால், பேர் போன வீட்டில் மகனோ மகளோ மலைக்குப் போயாக வேண்டும்.

மருத்துவமும் இங்கே அதே தராசோடுதான் வந்தது. கோப்பித் தோட்டக் காலத்தில், 1872இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்ட மாவட்டங்களில் தொழிலாளருக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும், செலவில் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு என்றது. 1912இல் அதைத் திருத்தி எழுதினார்கள். 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஆட்கள் கொக்கிப்புழு ஒழிப்பை மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கினார்கள். புழு போனால் இரத்தம் ஊறும், இரத்தம் ஊறினால் வேலை கூடும் என்பதுதான் துரைமாரிடம் எடுபட்ட வாதம். பிறகு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். விரல் போனால் இத்தனை வீதம், கை போனால் இத்தனை வீதம் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. உழைக்கும் திறனில் எவ்வளவு போனது என்ற கணக்கு. சட்டம் எழுதப்பட்டது வேலைத்தல விபத்துக்கு. மூளைக்குள் ஓர் இரத்தக்குழாய் அடைபட்டு அரை உடம்பு போனவருக்கு அந்த அட்டவணையில் ஒரு வரியும் இல்லை.

இனி கிளாஸ்கோ. அங்கே ஸ்டொப்ஹில் ஆஸ்பத்திரியில் ஜோன் ராங்கின் என்ற இளம் டொக்டர் இருந்தார். 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாரிசவாதம் வந்தால் பிறகு என்ன ஆகிறார்கள் என்று பார்த்து, 1957இல் ஸ்கொட்லாந்தின் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரைகள் எழுதினார். என்ன ஆனார்கள் என்று எழுதுவதற்கு ஒரு வசதி வேண்டும் அல்லவா? அதற்காக ஐந்து படிகள் போட்டுக்கொண்டார். ஒன்று என்றால் சொல்லும்படியான இயலாமை இல்லை. இரண்டு என்றால் முன்பு செய்த சிலதைச் செய்ய முடியாது, ஆனாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். மூன்றில் கொஞ்சம் உதவி வேண்டும், ஆனால் இன்னொருவர் பிடிக்காமல் நடப்பார். நாலில் ஆள் பிடிக்காமல் நடக்க முடியாது, உடம்புத் தேவைகளையும் தனியாகப் பார்க்க முடியாது. ஐந்து, படுத்த படுக்கை, எந்நேரமும் ஆள் வேண்டும். அவ்வளவுதான். அரைப் பக்கம்கூட இல்லை. ராங்கின் பிறகு அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குப் போய் நுரையீரல் நோய்களில் இறங்கிவிட்டார். தன் ஐந்து வரிகள் உலகத்துப் பாரிசவாத ஆய்வுக்கெல்லாம் தராசாகும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அதுதான் நடந்தது. 1980களில் பிரித்தானியாவில் அஸ்பிரினைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வுக்காக, எந்தக் குறியும் இல்லாதவர்களுக்குப் பூச்சியம் என்ற படியைச் சேர்த்து, சொற்களையும் கொஞ்சம் மாற்றினார்கள். பின்னால் இறந்தவர்களுக்கு ஆறு வந்தது. 1995இல் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று அமெரிக்க ஆய்வு காட்டியபோது, அந்தப் பலனை அளந்த கருவிகளில் ஒன்று இந்தப் படிகள். 2008இல் அதே ஊசிக்கான நேரத்தை நாலரை மணித்தியாலமாக நீட்டிய ஐரோப்பிய ஆய்வும் இதையே நம்பியது: ஊசி போட்டவர்களில் 52.4 வீதம் பேர் மூன்று மாதத்தில் பூச்சியத்திலோ ஒன்றிலோ இருந்தார்கள், போடாதவர்களில் 45.2 வீதம். அந்த ஏழு வீத வித்தியாசத்தில்தான் ஒரு மருந்தின் தலைவிதி இருந்தது.

அப்படியென்றால் படி போடும் கை நடுங்கக் கூடாது. நடுங்குகிறதா என்று ஒல்லாந்தில் பார்த்தார்கள். 1988இல் வான் ஸ்வீட்டனும் கூட்டாளிகளும் 100 நோயாளிகளை எடுத்து, ஒவ்வொருவரையும் இரண்டு டொக்டர்கள் தனித்தனியாகப் பார்த்துப் படி போடச் செய்தார்கள். 65 பேருக்கு இரண்டு பேரும் ஒரே படி. 32 பேருக்கு ஒரு படி வித்தியாசம். 3 பேருக்கு இரண்டு படி. ஒரே கூடைக் கொழுந்தை இரண்டு கணக்கப்பிள்ளைமார் நிறுத்து, மூன்றில் ஒரு கூடைக்கு வேறு வேறு நிறை எழுதினால் பிரட்டுக்களத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு படி போட்டாலும் சில தடவை பொருந்தத்தான் செய்யும். அந்தத் தற்செயல் பொருத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று காட்ட 1960இல் ஜேக்கப் கோஹன் ஒரு கணக்குத் தந்தார். அதற்கு கப்பா என்று பேர். முழுப் பொருத்தம் என்றால் ஒன்று, வெறும் தற்செயல் என்றால் பூச்சியம். ஒல்லாந்து டொக்டர்களுக்கு வந்தது 0.56. மோசம் இல்லை, ஆனால் பெருமைப்படவும் முடியாது. 2005இல் ஸ்கொட்லாந்தில் வில்சன் குழு பல மதிப்பீட்டாளர்களை வைத்துத் திரும்பப் பார்த்தது. வழக்கமான பேச்சை வைத்துப் படி போட்டபோது 43 வீதம்தான் பொருந்தியது. என்னென்ன கேட்க வேண்டும் என்று கேள்விகளை வரிசையாக எழுதிக் கொடுத்துக் கேட்கச் சொன்னபோது 81 வீதம். ஆள் மாறவில்லை, நோய் மாறவில்லை, கேள்வி மட்டும்தான் மாறியது. நாங்கள் படித்ததிலேயே எங்களை நிறுத்திய இடம் இது.

சரி, நாமும் போட்டுப் பார்ப்போம் என்று எங்களில் இரண்டு பேர் அம்மாயிக்குத் தனித்தனியாகப் படி போட்டோம். ஒருவன் மூன்று போட்டான், ஒருத்தி நாலு போட்டாள். சண்டை வந்தது. மூன்று போட்டவன் சொன்னான்: கம்பு ஊன்றினாலும் தானாகத்தானே நடக்கிறார், கம்பு ஆள் இல்லையே. விதிப்படி அது சரி. நாலு போட்டவள் கேட்டாள்: எங்கே நடக்கிறார்? காம்பராவுக்குள்ளும் இஸ்தோப்பிலும். கக்கூசுக்குப் போக ஒன்பது படி இறங்க வேண்டும், அதற்கு மகள் பிடிக்க வேண்டும். பிறகு எப்படித் தானாக நடக்கிறார் என்று எழுதுவாய்? அவளும் தப்பு இல்லை. ராங்கின் எழுதிய நாலில் 'நடக்கவும் முடியாது, உடம்புத் தேவையும் பார்க்க முடியாது' என்று இரண்டும் சேர்ந்து நிற்கிறது. ஒன்று முடிந்து ஒன்று முடியாதவருக்கு எந்தப் படி? எங்கள் சண்டை வான் ஸ்வீட்டனின் 32 பேரைப் பற்றியதுதான் என்று பிறகு புரிந்தது.

இந்தச் சிக்கலுக்கு இன்னொரு வழி அதற்கு முன்பே அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்திருந்தது. புளோரன்ஸ் மஹோனி என்ற டொக்டரும் டொரத்தியா பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் 1965இல் வெளியிட்ட அட்டவணை. மொத்தமாக ஒரு படி போடாமல், அன்றாடக் காரியங்களைப் பத்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி. சாப்பிடுவதற்கு 10, குளிப்பதற்கு 5, முகம் கழுவி மயிர் சீவுவதற்கு 5, உடுத்துவதற்கு 10, மலத்துக்கு 10, சலத்துக்கு 10, கக்கூசுக்கு 10, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவதற்கு 15, நடப்பதற்கு 15, படி ஏறுவதற்கு 10. கூட்டினால் 100. தாதியும் போடலாம், வீட்டு ஆளைக் கேட்டும் போடலாம். இரண்டு பேர் போட்டாலும் பெரும்பாலும் கிட்டக்கிட்ட வரும். எங்களுக்கு ராங்கினைவிடப் பார்த்தெலைப் பிடித்தது, ஏனென்றால் இதில் சண்டை போட இடம் குறைவு.

ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு லயத்துக்குள் நடந்து பாருங்கள். சாப்பாடு: எந்தக் கையால் என்று பார்த்தெல் கேட்பதில்லை. அம்மாயி இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். பட்டியலில் பத்துக்குப் பத்து. ஆனால் அம்மாயி இப்போது யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் உட்காருவதில்லை. கழுவுகிற கையால் சோறு எடுப்பதை நாலு பேர் பார்க்க வேண்டுமா என்கிறார். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவது: பதினைந்து புள்ளி, பட்டியலிலேயே பெரிய புள்ளிகளில் ஒன்று. பாயில் படுக்கிறவர்களுக்கு இது தரையிலிருந்து எழும்புவது, அதன் பாடு வேறு. கக்கூஸ்: ஒரு பக்கம் வராத உடம்பால் குந்துவதும் எழும்புவதும் கதிரை மாதிரி உட்காருகிற கொமோட்டில் உட்காருவதும் ஒன்றல்ல. குளிப்பது: குளியலறைக்குள் தானே போய் வந்தால் ஐந்து. பீலி கீழே இருக்கிறது, கல் பாசி பிடித்திருக்கிறது. நடப்பது: 50 யார், சமதரையில். ஊவாவில் 50 யார் சமதரை எங்கே என்று கேட்டுச் சிரித்தோம். பதுளை ஆஸ்பத்திரி நடையில் இருக்கிறது, உண்மைதான். அதனால்தான் அங்கே நடந்து காட்டுகிறவருக்கு 'தேறியிருக்கிறார்' என்று விழுகிறது.

இந்த இடைவெளியை உலகம் கவனிக்காமல் இல்லை. 1980இல் உலக சுகாதார நிறுவனம் மூன்றாகப் பிரித்தது: உடம்பின் குறை, காரியம் செய்ய இயலாமை, அதனால் சமூகத்தில் வரும் பின்னடைவு. 2001இல் அதை மாற்றி எழுதியபோது சூழலையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. அதாவது ஒன்பது படி இருப்பதும் இயலாமையின் ஒரு பகுதி. அந்தப் படிக்குக் கைப்பிடி வைத்தால், நரம்பு ஒன்றும் மாறாமலேயே இயலாமை குறையும். சுவீடனில் ஃபுகல்-மேயர் 1975இல் தந்த அளவு இதற்கு நேரெதிர்ப் பக்கம்: அதன் அசைவுப் பகுதி கை 66, கால் 34 என்று 100 புள்ளிக்கு அளக்கும். அம்மாயியின் கை அதில் நல்ல புள்ளி வாங்கலாம். ஆனால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற அந்தக் கிள்ளல், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேருகிற வேகம், அதில் எத்தனையாவது புள்ளியில் இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, மருந்து கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. லூதியானா ஆய்வைப் படித்த பிறகு போய்விட்டது.

ஏழை நாடுகளில் பிசியோதெரபிஸ்ட் போதாது. அப்படியானால் வீட்டு ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களையே செய்ய விட்டால் என்ன? கேட்க நன்றாக இருக்கும் யோசனை. மலையகம் மாதிரி இடங்களுக்கு எப்போதும் நீட்டப்படுகிற யோசனையும் இதுதான். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்ற குழு இதை இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளிடம் சோதித்தது. பாதிப் பேருடைய வீட்டாருக்குப் பயிற்சி, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்து, யார் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள் ராங்கின் படி போட்டார்கள். 2017இல் 'லான்செட்' சஞ்சிகையில் முடிவு வந்தது. மூன்று தொடக்கம் ஆறு வரையான படிகளில், அதாவது மற்றவரை நம்பியோ உயிரோடு இல்லாமலோ, பயிற்சி பெற்ற பக்கம் 47 வீதம். பெறாத பக்கமும் 47 வீதம். வித்தியாசமே இல்லை.

மனசுக்குக் கஷ்டமான முடிவு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அளக்காமல் விட்டிருந்தால், அல்லது 'இம்ப்ரூவ்ட்' என்று எழுதி அளந்திருந்தால், இரண்டு பக்கமும் தேறியதாகத்தான் தெரிந்திருக்கும். பாரிசவாதத்தில் கொஞ்சம் தானாகவும் தேறும். அந்தத் தேறலைக் காட்டி 'பாருங்கள், வீட்டு ஆளே போதும், பிசியோ வேண்டாம்' என்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கலாம். அந்தச் சுமை யார் தலையில் விழுந்திருக்கும்? மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி வருகிற மகளின் தலையில். அவுஸ்திரேலியாவிலிருந்து நடத்தப்பட்ட இன்னொரு பெரிய ஆய்வும் 2015இல் இப்படித்தான் ஓர் ஆசையை உடைத்தது: வந்த முதல் நாளிலேயே ஆளை அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தால் சீக்கிரம் தேறும் என்று நினைத்தார்கள். 2104 பேரிடம் அளந்தபோது, அப்படிச் செய்த பக்கத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 46 வீதம், வழக்கமாகக் கவனித்த பக்கத்தில் 50 வீதம். நல்லெண்ணத்தோடு செய்த காரியம் கொஞ்சம் கெடுத்திருந்தது.

நம் நாட்டில் எண்ணியிருக்கிறார்களா? கொழும்பு நகரப் பகுதியில் எண்ணியிருக்கிறார்கள். 2015இல் வெளிவந்த அந்தக் கணக்கில் வளர்ந்தவர்களில் 1000 பேருக்குப் பத்துப் பேர் அளவில் பாரிசவாதம் வந்தவர்கள். அந்த எண்ணைத் தூக்கிவந்து பசறைக்கோ லுணுகலைக்கோ ஹப்புத்தளைக்கோ பொருத்த முடியாது. சாப்பாடு வேறு, வேலை வேறு, ஆஸ்பத்திரி தூரம் வேறு. அரச புள்ளிவிவரங்களில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று கட்டம் வழமையாக இருக்கிறது. 2016 சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குறைந்தவர்கள் நாட்டுக்கு 17.3 வீதம், தோட்டத்துக்கு 31.7 வீதம் என்று தெரிந்தது அந்தக் கட்டம் இருந்ததால்தான். 2012 குடிசனக் கணக்கெடுப்பு பார்ப்பது, கேட்பது, நடப்பது, தன்னைக் கவனித்துக்கொள்வது பற்றியெல்லாம் கேட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதம் பேருக்கு ஏதோ ஒன்றில் சிரமம் என்றது. நடக்கச் சிரமம் என்று சொன்னவருக்கு முழங்கால் வலியா, பாரிசவாதமா என்று அந்தத் தாள் கேட்கவில்லை. 1948இல் குடியுரிமை போய், கணக்கில் வருவதற்கே ஐம்பது வருஷத்துக்கு மேல் போராடிய சனத்துக்கு, எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்பது சின்ன விஷயமாகப் படாது.

இன்னும் ஒன்று பாஷை. வில்சனின் 81 வீதம் கேள்வியில் இருந்தது என்று சொன்னோம். கேள்வி என்றால் பேச்சு. டொக்டர் சிங்களத்தில் யோசித்து, கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் பாதிப் பேச்சு போன ஒருவரிடம், கூட வந்த பேரனை மொழிபெயர்ப்பாளராக வைத்துக் கேட்கிறார். 'பாத்ரூம் போக உதவி வேணுமா' என்று பேரன் அம்மாயியிடம் வாய்விட்டுக் கேட்பானா? அவன் கேட்கவில்லை. 'எல்லாம் சரி டொக்டர்' என்று அவனே சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, பன்னிரண்டு வயது.

அதனால் ஒரு காரியம் செய்தோம். பார்த்தெலின் பத்தையும் எங்கள் பேச்சில் எழுதினோம். பக்கத்திலேயே லயத்துக்கான கேள்விகளையும் போட்டோம்: பாயிலிருந்து எழும்ப ஆள் வேணுமா, குந்தி எழும்ப முடியுதா, பீலிக்கு யார் கூட வாறாங்க, எந்தக் கையால சாப்பிடுறீங்க, மனுசர் முன்னால சாப்பிடுறீங்களா. பக்கத்துப் பக்கங்களுக்குப் புள்ளி போட மாட்டோம், அது சோதிக்கப்படாத தராசு. ஆனால் பார்த்தெலுக்குப் போட்டோம். மகள் தனியாக, நாங்கள் தனியாக. மகளுக்கு 65 வந்தது, எங்களுக்கு 70. வித்தியாசம் படி ஏறுவதில்: நாங்கள் 'பிடித்தால் ஏறுவார்' என்று 5 போட்டிருந்தோம், மகள் பூச்சியம் போட்டிருந்தார். "மழை நாள்ல நீங்க பாக்கலையே" என்றார். மழை பெய்யாத நாள் அங்கே குறைவு. 65 என்று திருத்திக்கொண்டோம்.

அடுத்த கிளினிக் நாளில் அந்தத் தாளைக் கொப்பியில் 'இம்ப்ரூவ்ட்' என்ற கடைசிச் சொல்லுக்கு எதிர்ப்பக்கத்தில் பின் அடித்துக் கொடுத்தனுப்பினோம். டொக்டர் புரட்டிப் பார்த்து, 65ஐ வட்டமிட்டு, பக்கத்தில் திகதி போட்டிருக்கிறார். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாராம். இப்போது மகள் ஒன்பது படிக்கும் மூங்கில் கைப்பிடி கட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.